பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

வேலையும் கூலியும்: வாசகர் கேள்வி – பதில்

கொரோனாவுக்காகத் தென்னாப்பிரிக்காவில் அறிவித்த பேரிடர் நிலை 2022 ஏப்ரலில் விலக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கணக்கு மட்டும் பல வீடுகளில் இன்னும் தீரவில்லை. டர்பன் வட்டாரத்திலிருந்தும் மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதி அன்றைக்குக் கைக்கு வராத பணத்தைப் பற்றியவை. மீதி, இன்னொரு தொற்று வந்தால் நம் கதி என்ன என்று கேட்பவை. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது.

2020 மார்ச் 26 நள்ளிரவு நாடு மூடப்பட்டபோது, யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் பதிவேட்டில் யார் பெயர் ஒழுங்காக இருந்ததோ அவர்களுக்குப் பணம் முதலில் போனது. துணி ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆறு வாரச் சம்பளம் உறுதியானதற்கு, சாக்ட்வு சங்கமும் முதலாளிகளும் பார்கெய்னிங் கவுன்சில் (ஒரு தொழிலின் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து பேசி ஒப்பந்தம் போடும் அமைப்பு) வழியாக எல்லாருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்ததே காரணம். முதலாளி பெயரே பதியாமல் விட்ட பண்ணைப் பெண்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மே மாதக் கடைசியில் விதி திருத்தப்பட்ட பிறகுதான், பதிவில்லாத தொழிலாளியும் தான் வேலை செய்ததை நிரூபித்துப் பணம் கேட்கலாம் என்றானது. அந்த இரண்டு மாதம் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: பதினான்கு வருடமாக ஒரே துணி ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறேன். ஆர்டர் குறைந்துவிட்டதாம். பதினைந்து பேரைக் கூப்பிட்டு, "ராஜினாமா எழுதிக் கொடுங்கள், கையில் ஐயாயிரம் தருகிறோம், சீசன் வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். கொரோனா சமயத்தில் என் தங்கை இருந்த இடத்திலும் இப்படித்தான் எழுதி வாங்கினார்கள். அவளுக்கு யு.ஐ.எஃப். ஒரு சென்ட்கூட வரவில்லை. நான் என்ன செய்ய?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், அக்கா. உங்கள் தங்கைக்குப் பணம் வராத காரணம் யு.ஐ-19 என்ற படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறது. அதை நிரப்புவது முதலாளி. அடையாள எண், மாதச் சம்பளம், வேலை செய்த மணிநேரம், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று வரிசையாகக் கட்டங்கள் போகும். விலகிய தேதிக்குப் பக்கத்தில் காரணத்துக்கு ஓர் எண் போட வேண்டும். 4 என்றால் வேலைநீக்கம், 5 என்றால் ஒப்பந்தக் காலம் முடிந்தது, 11 என்றால் ஆள்குறைப்பு. இந்த மூன்றுக்கும் வேலையின்மைப் பணம் உண்டு. 6 என்றால் தானாக விலகினார் என்று பொருள், அதற்குக் கிடையாது. ராஜினாமாக் கடிதம் கையில் இருந்தால் முதலாளி 6 போடுவார், யு.ஐ.எஃப். அலுவலகமும் அதைத்தான் நம்பும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் வாரக் கூலி 1,500 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆள்குறைப்பில் வெளியேற்றினால், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரக் கூலி தர வேண்டும்: 14 × 1,500 = 21,000. ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வார நோட்டீஸ், அல்லது அதற்கான பணம்: 6,000. எடுக்காமல் மீந்த லீவுக்கும் காசு. இதெல்லாம் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். உங்கள் கவுன்சில் ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் அதுவே பொருந்தும்.

இதற்கு மேல் யு.ஐ.எஃப். நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் வரவு என்ற கணக்கில், கடைசி நான்கு வருடத்தில் வேலையின்மைப் பணம் எதுவும் வாங்காதவருக்கு 365 நாள் வரை சேர்ந்திருக்கும். வாரம் 1,500 என்றால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 213.70. அந்த வருமானத்துக்கு விகிதம் 45 சதவீதத்தை ஒட்டி வரும், அதாவது நாளுக்கு 96.70 ரேண்ட் போல. முதல் 238 நாளுக்கு இது கிடைக்கும். மீதி 127 நாளுக்கு 20 சதவீதம்தான், நாளுக்கு 42.70 போல. முழு வருடமும் வேலை கிடைக்காமல் போனால் மொத்தம் 28,000 ரேண்டுக்குச் சற்று மேல். அவர்கள் நீட்டும் ஐயாயிரத்துக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது இவ்வளவு.

அவர்கள் செய்ய வேண்டியதைத் தொழிலுறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்களைக் குறைக்கலாமா என்று யோசிக்கும்போதே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். முடிவெடுத்த பிறகு தருவது செல்லாது. காரணம் என்ன, வேறு என்ன வழிகளை யோசித்தார்கள், எத்தனை பேர், எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்போது, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். வேலையிடத்துச் சங்கப் பிரதிநிதியான உங்கள் ஷாப் ஸ்டூவர்டிடம் இன்றே சொல்லுங்கள். கூட்டத்தில் சொன்னதை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, கூட இருந்த இருவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒரு கண்ணியும் உண்டு: அதே முதலாளியிடமோ வேறிடத்திலோ நியாயமான மாற்று வேலையை அவர்கள் ஏற்பாடு செய்து தந்து, நீங்கள் காரணமின்றி மறுத்தால், வருடத்துக்கு ஒரு வாரக் கூலி என்ற அந்தப் பணம் போய்விடும். ஆகவே மாற்று வேலை என்று பேச்சு வந்தால் எந்த இடம், என்ன கூலி என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பதில் சொல்லுங்கள்.

வெளியே அனுப்பிவிட்டால் அந்தத் தேதியிலிருந்து 30 நாள்தான். துணித் தொழிலுக்குக் கவுன்சில் இருப்பதால் புகார் அங்கே போகும். கவுன்சில் இல்லாத தொழில்களுக்கு தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.இன் படிவம் 7.11, கட்டணம் கிடையாது. இதில் நிறையப் பேர் தடுக்கி விழுவது ஓரிடத்தில்: படிவத்தின் நகலை முதலில் முதலாளிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியை இணைக்க வேண்டும். ரிஜிஸ்டர்ட் தபால் ரசீது, அனுப்பிய ஈமெயில், அல்லது ஆபீஸில் வாங்கிய கையெழுத்து, எதுவானாலும் சரி. அது இல்லாமல் போன படிவம் திரும்பி வரும், அதற்குள் 30 நாள் கடந்திருக்கும். கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு எழுதி, தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

யு.ஐ.எஃப். விண்ணப்பத்துக்கு வேலை போன நாளிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. அடையாள அட்டை, யு.ஐ-19, வங்கி முத்திரை குத்திய யு.ஐ-2.8 (வங்கிக் கணக்கு விவரப் படிவம்), கடைசிச் சம்பளச் சீட்டுகள் வேண்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கணவர் கணக்கு, மகள் கணக்கு என்று கொடுத்தால் நின்றுவிடும்.

கேள்வி: வாரம் ஐந்து நாள் வேலை இப்போது மூன்று நாளாகிவிட்டது. சம்பளமும் அப்படியே குறைந்துவிட்டது. லாக்டவுன் காலத்தில் டெர்ஸ் பணம் கொடுத்தார்களே, அதுபோல மீதி இரண்டு நாளுக்கு யு.ஐ.எஃப். தராதா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: லாக்டவுனில் சம்பளம் இழந்தவர்களுக்கு யு.ஐ.எஃப். தந்த கொரோனா டெர்ஸ் உதவி முடிந்துபோன திட்டம். ஆனால் நீங்கள் கேட்பதற்கு நிரந்தரச் சட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. வேலையில் இருந்துகொண்டே நேரம் குறைந்து வருமானம் இழந்தவருக்கும் யு.ஐ.எஃப். கிடைக்கும் என்கிறது வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் 12(1பி) பிரிவு. அதில் உள்ள நிபந்தனைதான் முக்கியம். முழுதாக வேலை போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதற்கும் கீழே உங்கள் இப்போதைய வருமானம் இறங்கியிருக்க வேண்டும்.

மாதம் 6,000 வாங்கியவர் என்றால் முழு வேலையின்மைப் பணம் சுமார் 2,750. மூன்று நாள் வேலையில் உங்கள் கைக்கு 3,600 வருகிறது, அதனால் ஒன்றும் கிடையாது. இரண்டு நாளாகி 2,400க்கு இறங்கினால் இடைவெளி 350 ரேண்ட் போலக் கிடைக்கும். குறைவுதான். இருந்தாலும் வேலைநேரம் இன்னும் சுருங்கினால் வீட்டுக்கு அது அரிசி, மாவுக்கு ஆகும். நேரம் குறைத்ததை உறுதிசெய்யும் முதலாளியின் கடிதமும், குறைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள சம்பளச் சீட்டுகளும் சேர்த்து வையுங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் சம்மதம் கேட்டார்களா? கவுன்சில் ஒப்பந்தத்தில் ஷார்ட் டைமுக்கு, அதாவது வேலைநேரக் குறைப்புக்கு, இடம் கொடுத்திருந்தால் அந்த நடைமுறைப்படி செய்யலாம். அப்படி எதுவும் இல்லாமல் முதலாளி தன்னிச்சையாக வேலை நிபந்தனையை மாற்றினால், தொழிலுறவுச் சட்டத்தின் 64(4) பிரிவின்கீழ் புகார் கொடுக்கும்போதே பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவரக் கோரலாம். நகல் முதலாளி கைக்குப் போன 48 மணிநேரத்துக்குள் அவர் அதைச் செய்ய வேண்டும். சம்மதித்தே போவதானாலும், "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை" என்று எழுதி வாங்குங்கள். முடிவுத் தேதி இல்லாத ஷார்ட் டைம் நாளடைவில் அதுவே சம்பளமாக நிலைத்துவிடும்.

கேள்வி: என் அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலை, கான்ட்ராக்டர் மூலம். கொரோனா நோயாளி இருந்த வார்டைச் சுத்தம் செய்த பிறகு அவருக்கும் பாசிட்டிவ் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். "எங்கே ஒட்டியது என்று யாருக்குத் தெரியும், டாக்ஸியில்கூட ஒட்டியிருக்கலாம்" என்று கான்ட்ராக்டர் கைவிரிக்கிறார். ஆஸ்பத்திரியோ அவர் எங்கள் ஆள் இல்லை என்கிறது.
— வாசகர், மெரிபேங்க்

பதில்: அம்மாவுக்குச் சம்பளம் தருபவர் கான்ட்ராக்டர், ஆகவே சட்டப்படி முதலாளி அவர்தான். வேலையால் வந்த நோய்க்கு இழப்பீடு தருவது காம்பன்சேஷன் ஃபண்ட். வேலையில் தொற்றும் கொரோனாவை 2020இலேயே இதில் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்பவரை அதிக ஆபத்துள்ள பிரிவில் வைத்திருக்கிறார்கள். "டாக்ஸியில் ஒட்டியிருக்கலாம்" என்று கான்ட்ராக்டர் வாயால் சொல்வதால் எதுவும் முடிந்துவிடாது. முடிவு சொல்ல வேண்டியது ஃபண்ட். கான்ட்ராக்டர் ஃபண்டில் பதிவே செய்யாதவராக இருந்தாலும் அம்மாவின் உரிமை போகாது. ஃபண்ட் அதை அவரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளும்.

தேவையான தாள்கள் இவை. முதலாளி தர வேண்டியது டபிள்யூ.சி.எல்.-1 என்ற தொழில்நோய் அறிக்கை. அம்மா நிரப்ப வேண்டியது டபிள்யூ.சி.எல்.-14. டாக்டர் தர வேண்டியது முதல் மருத்துவ அறிக்கை, டபிள்யூ.சி.எல்.-22. எங்கே, எத்தனை நாள், எந்த வேலையில் தொற்றுக்கு ஆளானார் என்று சொல்லும் டபிள்யூ.சி.எல்.-110. இவற்றோடு பி.சி.ஆர். டெஸ்ட் முடிவும் அடையாள அட்டை நகலும் வேண்டும். ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் தொடர் அறிக்கையாக டபிள்யூ.சி.எல்.-26 வாங்குங்கள்.

கோரிக்கைகள் பெரும்பாலும் இடறுவது 110இல்தான். "ஆஸ்பத்திரி கிளீனர்" என்று ஒரே வரி எழுதினால் போதாது. எந்த வார்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, எந்த ஷிஃப்ட், நோயாளியின் படுக்கை, கழிவறை, குப்பைப் பை இவற்றில் எதையெல்லாம் கையாண்டார், என்ன மாஸ்க், கிளவுஸ் கொடுத்திருந்தார்கள் என்று எழுதுங்கள். டியூட்டி ரோஸ்டரை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவே உங்கள் சாட்சி. இல்லையென்றால் அதே வார்டில் வேலை செய்த இன்னொருவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அம்மா வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 75 சதவீதம் உண்டு. முதல் மூன்று மாதத்துக்கு இதை முதலாளி கொடுத்துவிட்டு ஃபண்டிடம் திரும்பப் பெற வேண்டும். கொரோனாவுக்கு இந்தத் தற்காலிகப் பணம் நோய் உறுதியான நாளிலிருந்து 30 நாள்வரை. மருத்துவச் செலவு தனி. கான்ட்ராக்டர் டபிள்யூ.சி.எல்.-1 தர மறுத்தால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம்; மற்ற தாள்களை லேபர் ஆபீஸில் கொடுத்து, மறுத்ததையும் எழுதிக் கொடுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகலில் முத்திரை வாங்குங்கள். நோய் உறுதியாகி 12 மாதம் ஆவதற்குள் இதெல்லாம் நடந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையால் வந்த இந்த நோய்க்காக முதலாளிமேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. அது சட்டத்திலேயே உள்ள தடை.

கேள்வி: எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள், எட்டு எட்டு மணிநேரம் ஓர் அம்மா வேலைக்கு வருகிறார். இதற்கெல்லாமா பதிவு?
— வாசகி, வெருலம்

பதில்: கட்டாயம் வேண்டும். ஒரே முதலாளியிடம் மாதம் 24 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்பவர் எவரும் யு.ஐ.எஃப்.இல் வர வேண்டும். உங்கள் வீட்டில் ஒன்பது நாள் வந்தாலே 72 மணிநேரம். 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் என்று எடுத்தால் மாதம் 2,072.88. இதில் அவர் பங்கு ஒரு சதவீதம், உங்கள் பங்கு ஒரு சதவீதம்; இரண்டும் சேர்த்து 41.46 ரேண்ட். இந்த 41 ரேண்டைக் கட்டாததால்தான் 2020இல் எத்தனையோ வீட்டுப் பணிப்பெண்கள் வெறுங்கையோடு நின்றார்கள். குறைந்தபட்சக் கூலி மார்ச் 1 அன்று மாறுவது வழக்கம். அப்போது கணக்கையும் மாற்றுங்கள். பதிவுக்கு யு.ஐ-8டி, அவர் விவரத்துக்கு யு.ஐ-19. மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் பணமும் விவரமும் போய்விட வேண்டும்.

காம்பன்சேஷன் ஃபண்டிலும் பதிய வேண்டும். 2012இல் மரியா மஹ்லாங்கு என்ற பணிப்பெண், வேலை செய்த வீட்டின் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். வீட்டு வேலையாள் இந்தச் சட்டத்தில் வரமாட்டார் என்று அவர் மகளுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. 2020 நவம்பர் 19 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்து, 1994 ஏப்ரல் 27 முதலே பொருந்தும் என்றும் சொன்னது. உங்கள் வீட்டு மாடிப்படியில் அவர் வழுக்கி விழுந்தாலும் இனி அது வேலையிட விபத்துதான்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வந்து டர்பனில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை செய்கிறேன். மாதம் 9,000. சம்பளச் சீட்டில் யு.ஐ.எஃப். என்று 90 ரேண்ட் பிடிக்கிறார்கள். லாக்டவுனில் கூட வேலை செய்த உள்ளூர்க்காரர்களுக்குப் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. "பாஸ்போர்ட் ஆட்களுக்கு யு.ஐ.எஃப். கிடையாது" என்கிறார் மேனேஜர். அப்படியா?
— வாசகர், டர்பன்

பதில்: தம்பி, மேனேஜர் சொல்வது பழைய சட்டம். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டிய வெளிநாட்டவரை முன்பு விலக்கி வைத்திருந்தார்கள். 2018 மார்ச் 1 முதல் அவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பிடித்தம் போகிறதென்றால் உரிமையும் உண்டு.

லாக்டவுனில் நடந்தது வேறு. அன்றைய கணினி அமைப்பு 13 இலக்க உள்ளூர் அடையாள எண்ணுக்கு ஏற்றபடி அமைந்திருந்ததால், பாஸ்போர்ட் எண்ணோடு போன விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கின. 9,000 சம்பளத்துக்கு முழு மாதம் கிடைத்திருக்க வேண்டியது சுமார் 3,850. அந்த டெர்ஸ் திட்டத்தில் எவருக்கும் 3,500க்குக் குறையாமல், 6,730.56க்கு மேற்படாமல் கணக்கிட்டார்கள். விண்ணப்பித்தது முதலாளி என்பதால், உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் போனதா, பணம் வந்து நின்றதா என்பதை யு.ஐ.எஃப்.இடம் எழுத்தில் கேட்கலாம். வந்த பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுப்பதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்பது திட்டத்தின் விதி. ஓட்டல் வாடகைக்கு எடுத்துக்கொண்டோம் என்ற பதில் செல்லாது. அந்த நாட்களை வருட லீவாகக் கழித்து, டெர்ஸ் பணத்தை லீவுச் சம்பளத்தில் ஈடு செய்திருந்தால், அந்தத் தொகைக்கு ஈடான லீவு நாட்களை உங்கள் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தீர்களா? எண் மாறியிருக்கும். பழைய எண்ணில் சில வருடமும் புது எண்ணில் சில வருடமும் பதிவாகி, வரவுகள் இரண்டு ஆட்களுடையதாகப் பிரிந்து கிடக்கலாம். இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு லேபர் ஆபீஸ் போய் ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டதாக இருந்தால், வேலை போகும் முன்பே குடிவரவு வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அனுமதியில் கோளாறு இருந்தவருக்கும் நியாயமற்ற வேலைநீக்கத்திலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 2008இல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பயத்தைக் காட்டி யாரும் உங்கள் கூலியைப் பிடித்துவைக்க முடியாது.

கேள்வி: சூப்பர்மார்க்கெட்டில் இருமல் பரவியது. எனக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் ஐந்து நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். சம்பளச் சீட்டில் ஐந்து நாள் 'அன்பெய்ட்'. அதற்குக் கீழே மாஸ்க், சானிடைசருக்கு 60 ரேண்ட் பிடித்தம்.
— வாசகி, டோங்காட்

பதில்: இரண்டு வரியும் தப்பு. தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதுகாப்புக்காக முதலாளி தர வேண்டிய எந்தப் பொருளுக்கும் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்கிறது. அந்த 60 ரேண்ட் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும்.

ஐந்து நாள் விஷயத்தில், உடம்பு சரியில்லாமல் இருந்தீர்களா என்பதே கேள்வி. சரியில்லை என்றால் அது சிக் லீவ், முழுச் சம்பளம். மூன்று வருடச் சுற்றில், வாரம் ஐந்து நாள் வேலைக்கு 30 நாள், ஆறு நாள் வேலைக்கு 36 நாள் உண்டு; முதல் ஆறு மாதத்தில் மட்டும் 26 நாள் வேலைக்கு ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனால் டாக்டர் சான்றிதழ் கேட்கலாம். நீங்கள் நலமாக, வேலைக்குத் தயாராக வந்து நின்று, அவர்கள்தான் அனுப்பினார்கள் என்றால் அந்த நாட்களுக்குச் சம்பளம் அவர்கள் பொறுப்பு. "நான் வேலைக்குத் தயார், வரட்டுமா?" என்று அன்றே ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அது பெரிய சாட்சி. அடுத்த முறை அனுப்பத் தவறாதீர்கள்.

கேள்வி: வேலையில்லாமல் எஸ்.ஆர்.டி. உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு மாதம் "வேறு வருமானம் கண்டறியப்பட்டது" என்றும், இன்னொரு மாதம் "யு.ஐ.எஃப். பதிவு" என்றும் மறுக்கிறார்கள்.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 2020 மே மாதம் 350 ரேண்டாகத் தொடங்கி 2024 ஏப்ரலில் 370 ஆன, அரசு தரும் இந்த இடர்கால உதவிப்பணத்துக்கு, 18 முதல் 59 வயதுவரை, மாத வருமானம் 624 ரேண்டுக்கு மேற்படாதவர் விண்ணப்பிக்கலாம். அவர்கள் பார்ப்பது உங்கள் வங்கிக் கணக்கில் அந்த மாதம் உள்ளே வந்த தொகையை. அண்ணன் அனுப்பிய 700 ரேண்ட் மளிகைப் பணமும் 'வருமானம்' ஆகிவிடும். குடும்பத்தார் தரும் உதவியையும் வருமானமாக எண்ணும் அந்த விதியை 2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பளித்தது. அரசு அதை எதிர்த்து அப்பீல் போனது. அதனால் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் வழி அப்பீல்தான்.

ஒவ்வொரு மாத மறுப்புக்கும் தனித்தனியாக, 90 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குப் போட்ட அப்பீல் அடுத்த மாதத்துக்குச் செல்லாது. பலர் பணத்தை இழப்பது இதனால்தான். பிறருடைய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போய்வருவதையும் நிறுத்துங்கள். "யு.ஐ.எஃப். பதிவு" என்ற மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பழைய முதலாளி. நீங்கள் விலகிய தேதியை அவர் யு.ஐ-19இல் போடாமல் விட்டால், நீங்கள் இன்னும் அங்கே வேலை செய்வதாகவே பதிவேடு சொல்லும். அவரை அந்தத் தேதியை நிரப்பி அனுப்ப வைத்தால் ஒழிய இந்த மறுப்பு மாதாமாதம் வரும்.

கேள்வி: சிறிய கடை, ஆறு பேர். 2020இல் டெர்ஸ் வாங்கிப் பணியாளர்களுக்குக் கொடுத்தேன். இப்போது ஆடிட்டர்கள் கணக்குக் கேட்கிறார்கள். சிலருக்குக் கையில் காசாகக் கொடுத்திருந்தேன்.
— வாசகர், ஐசிபிங்கோ

பதில்: ஐயா, யு.ஐ.எஃப். இந்தத் தணிக்கையை எல்லா அளவு நிறுவனங்களிலும் செய்கிறது. கடிதம் வந்ததாலேயே உங்கள்மேல் குற்றம் என்று ஆகாது. ஒவ்வொரு காலகட்டத்துக்கும் மூன்று தாளை ஒன்றாகக் கட்டுங்கள்: யு.ஐ.எஃப்.இலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த தொகை, அதில் ஆளுக்கு எவ்வளவு என்ற பிரிவு, ஆளுக்குக் கொடுத்த அத்தாட்சி. காசாகக் கொடுத்தவர்களிடம் தொகை, தேதி, எந்த மாதத்துக்கு என்பதை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கி, அன்று வங்கியிலிருந்து நீங்கள் பணம் எடுத்த ஸ்டேட்மென்ட்டோடு இணையுங்கள். இரண்டு தேதியும் ஒத்துப்போக வேண்டும். இடையில் விலகியவர் பெயரில் வந்த பணம், இருமுறை வந்த பணம் ஏதாவது மீந்திருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே எழுதித் திருப்பிச் செலுத்துங்கள். பழைய தேதி போட்டு ரசீது தயாரிக்காதீர்கள். உண்மையாகவே கொடுத்தவரும் அதனால் மோசடி வழக்கில் மாட்டுவார்.

கேள்வி: என் பெயர் பதிவில் இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்காமலே தெரிந்துகொள்ள முடியுமா? கேட்டால் முறைத்துக்கொள்வார்.
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: முடியும் அம்மா. இணையத்தில் யுஃபைலிங் பக்கத்தில் அடையாள எண்ணோடு கணக்குத் திறந்தால் உங்களை எந்த முதலாளி பதிந்திருக்கிறார் என்று பார்க்கலாம். சாதாரண ஃபோன் போதும் என்றால் *134*843# அடித்துப் பாருங்கள். 0800 843 843 என்ற யு.ஐ.எஃப். எண்ணுக்குக் கூப்பிடக் காசில்லை. மூன்றும் சரிவராவிட்டால் அடையாள அட்டையோடு லேபர் ஆபீஸ் போய் உங்கள் பதிவின் பிரதியைக் கேளுங்கள்.

பார்க்க வேண்டியது நான்கு. அடையாள எண்ணில் ஓர் இலக்கமும் மாறாமல் இருக்கிறதா, நீங்கள் சேர்ந்த தேதி சரியா, காட்டியிருக்கும் சம்பளம் உங்கள் சீட்டில் உள்ள சம்பளம்தானா, நடுவில் மாதங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா. சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் வரும் பணமும் அதே அளவு குறையும்.

பெயரே இல்லையென்றால் சம்பளச் சீட்டுகள், வங்கியில் சம்பளம் விழுந்த வரிகள், சீருடையோடு எடுத்த படமோ வேலை சம்பந்தமான வாட்ஸ்அப் செய்தியோ, இவற்றை எடுத்துக்கொண்டு லேபர் இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுங்கள். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. புகார் கொடுத்ததற்காக உங்களைப் பழிவாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. முறைப்புக்குப் பயமாக இருந்தால், கூட வேலை செய்யும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போங்கள். யார் சொன்னது என்று தேட அவருக்கு வழியிருக்காது.